ரிலிங்க்விஷ் என்ற வினைச்சொல்லும் மூன்று புளியமரங்களும்

ஓர் இங்கிலீஷ் வினைச்சொல்லை விற்று நான் ஏறக்குறைய பதினைந்து வருடம் பிழைத்தேன். ரிலிங்க்விஷ் என்பது அந்தச் சொல். தாலுகா கச்சேரி வாசலில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் சாய்மேசையும் மைக்கூடும் வைத்துக்கொண்டு மனு எழுதியவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் உட்கார்ந்தவன், நாற்பதுகள் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. இண்டர்மீடியட்டில் கணக்கில் கோட்டைவிட்டதால் கச்சேரிக்கு உள்ளே வேலை கிடைக்கவில்லை. இங்கிலீஷில் தேறிவிட்டதால் கலப்பை பிடிக்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் அந்தக் கொட்டகைதான்.

இன்றைக்கு ராஜினாமா என்றால் மந்திரிகள் செய்வது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதைச் செய்தவர்கள் குடியானவர்கள். ஒரு மானாவாரிக் கொல்லை கல்லும் கரடுமாகப் போய்விட்டது, மழையும் இல்லை, உழ ஆளும் இல்லை என்றால், அதற்குத் தீர்வை வரி கட்டிக்கொண்டிருப்பானேன் என்று நிலத்தைச் சர்க்காருக்கே விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு மனு கொடுக்க வேண்டும். அதன் பெயர் ராஜினாமா. வானம் பொய்த்த வருடங்களில் ஆடி, ஆவணி முழுக்க எனக்கு இதே வேலையாக இருக்கும்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், எந்தத் தடையும் இல்லை. ஆனால் இங்கிலீஷில் எழுதினால் காகிதம் சேலத்தில் கலெக்டர் வரைக்கும் போகும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. கெடுத்தால் என் பிழைப்பு என்னாவது? ஆகையால் ஏரியூர்க் காட்டிலிருந்து வந்தவரும், நல்லம்பள்ளிக்காரரும், மலையிலிருந்து சாமைப் பொரியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கியவரும், என் பேனாவில் ஒரே மாதிரி ரிலிங்க்விஷ் செய்தார்கள். வீட்டில் கன்னடம் பேசும் ஒரு விவசாயி “பிட்டுபிட்டேன் சாமி” என்று தமிழையும் கன்னடத்தையும் கலந்து, கையை உதறிக் காட்டுவார். அவருக்கும் அதே சொல்தான்.

ஊரைக் காலி செய்துகொண்டு போன ஓர் ஓவர்சீயரிடம் அட்டை கிழிந்த அகராதி ஒன்றை வாங்கியிருந்தேன். வேலை இல்லாத மதியங்களில் அதைப் புரட்டுவேன். மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள், எனக்கு இது. ரிலிங்க்விஷுக்கு அதில் பல பொருள் போட்டிருந்தது. கைவிடுவது, உரிமையை ஒப்புக்கொடுப்பது, பிடித்திருந்த கயிற்றிலிருந்து கையைத் தளர்த்துவது. மூலம் லத்தீன். ஒன்றைப் பின்னால் விட்டுவிட்டு மேலே நடப்பது என்பது ஆதிப் பொருள். இதே வேரிலிருந்து வந்த உறவுக்காரச் சொற்களையும் போட்டிருந்தார்கள். மாலுமிகள் நடுக்கடலில் விட்டுப்போன கப்பல் டெரிலிக்ட். செத்துப்போன மகான்களின் எலும்பு ரெலிக். புருஷன் விட்டுப்போன பெண்சாதி ரெலிக்ட், அதாவது விதவை. சட்டக் காகிதங்களில் பழைய துரைகள் அப்படித்தான் எழுதுவார்களாம்.

அகராதிக்காரர் ரிலிங்க்விஷுக்கு விளக்கமாக ஈல்ட் என்று இன்னொரு சொல்லையும் கொடுத்திருந்தார். அதைப் போய்ப் பார்த்தால், அது முதலில் செலுத்துவதைக் குறித்ததாம். பிறகு விளைச்சல் கொடுப்பதைக் குறித்து, கடைசியில் பணிந்துபோவதில் வந்து நின்றதாம். தீர்வை செலுத்தி, விளைச்சல் காணாமல், பணிந்துபோகிறவர்களைத்தான் நான் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால் அந்தச் சொல்லின் வரலாறு எனக்கு ஆச்சரியமாக இல்லை. ராஜினாமாவோ பாரசீகம். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் காகிதம். சம்மதச் சீட்டு! நிலத்தை விட்டவன் எவனும் சம்மதமான முகத்தோடு என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்படிச் சொற்களின் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்துவைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கச்சேரிக்குள் சம்பளம் வாங்குகிற குமாஸ்தாக்களுக்குக்கூட இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். நடக்கப்போவதைப் புரிந்துகொள்ள இந்தக் கர்வத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிலில் இன்னொரு முறை இருந்தது. எழுதி முடித்த மனுவைக் கொடுப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இங்கிலீஷ் மனுவாக இருந்தால் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் சரி என்றபின் பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே, “மனுதாரருக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டபின் ரேகை வைக்கப்பட்டது” என்று எழுதி, மனு எழுதினவன் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் உட்கார எங்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியே இந்த ஒரு வரியை நம்பித்தான். அது பொய் என்று தெரிந்தால் மேசையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நாங்கள் யாரும் முழுவதும் வாசித்துக் காட்டியதில்லை. சாரத்தைச் சொல்வோம். வெயிலில் பத்துப் பேர் காத்திருக்கும்போது, சர்வே நம்பர் முதல் கடைசி எழுத்துவரை யார் சொல்லிக்கொண்டிருப்பது? கேட்பவர்களும் பொறுமையாகக் கேட்கமாட்டார்கள். விரலை எங்கே வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம், ஆடி முடியும் சமயம், இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் போய் இரண்டு வருடம், இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான மேட்டுக்கொல்லை ஒன்று அவர் பேருக்கு மாறியிருந்தது. உழுதால் கல்தான் மேலே வருகிறது, உழ மாடும் இல்லை, கேழ்வரகு விதைத்து இரண்டு வருடமாக வைக்கோல்கூட வீடு வரவில்லை என்று சொன்னார். அழவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. கணக்குப் பிள்ளை சொல்லி அனுப்பினதாகச் சொன்னார்.

நான் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை, பங்காளி உண்டா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கொல்லையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. என் கேள்விப் பட்டியலில் அது இல்லை.

மனு எழுதும்போது எனக்கு ஓர் உற்சாகம் வந்தது. விதவை என்பதற்கு விடோ என்று எழுதுவதுதான் வழக்கம். அன்று ரெலிக்ட் என்று எழுதினேன். இன்னாருடைய ரெலிக்ட்டாகிய நான் கீழ்க்கண்ட நிலத்தை ரிலிங்க்விஷ் செய்கிறேன். ஒரே வாக்கியத்தில், ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள். தாசில்தார் படித்த மனுஷர், கவனித்தாலும் கவனிப்பார் என்று ஆசைப்பட்டேன். அந்த வாக்கியத்தின் வாலில் வழக்கமான வரி தானாக வந்து உட்கார்ந்தது: நிலத்தையும், அதில் உள்ள கிணறு, மரம், மற்றுமுள்ள சகல பாத்தியங்களையும். அதை எழுதும்போது என் கைக்குத்தான் வேலை, புத்திக்கு வேலை இல்லை. நூறு தடவை எழுதிய வரி அது.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன். “கொல்லைய விட்டுட்டேன்னு எழுதியிருக்கும்மா. வெரலக் குடு.”

“கொல்லைய மட்டுந்தானுங்களே?” என்று கேட்டார்.

“ஆமா. வேற என்ன இருக்குது ஒனக்கு?” என்றேன்.

இருக்கிற குடிசையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். உண்மையில் நான் எதையுமே நினைக்கவில்லை. ரெலிக்ட் என்ற சொல்லில் மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலைக் கொடுத்தார், நான் மையைத் தடவி ஒற்றினேன், முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் அவர் மறுபடி வந்தார். கொட்டகையில் கூட்டம் இருந்தது. எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி எடுத்த மரப்பட்டை. அதில் தாரால் ஓர் இலக்கம் எழுதியிருந்தது. சர்க்கார் மரத்துக்குப் போடுகிற இலக்கம் அது.

கொல்லையில் மூன்று புளியமரங்கள் இருந்திருக்கின்றன. ஒன்று மாமனார் வைத்தது, இரண்டு புருஷன் வைத்தது. கொல்லை கைவிட்ட இரண்டு வருடமும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது மரங்கள்தான். மாசியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, தாயும் மகள்களும் பங்குனி முழுக்க உட்கார்ந்து உருண்டை பிடித்து, சந்தைக்குக் கொண்டுபோவார்கள். கொட்டையைக்கூட வீணாக்கமாட்டார்கள், அதற்கும் ஆள் வந்து வாங்கிப்போகும். இந்த வருடம் காய் பழுக்கிற நேரத்தில் மணியக்காரர் ஆளோடு வந்து மரங்களுக்குத் தார் இலக்கம் போட்டுவிட்டார். இனிமேல் ஏலம்தான், உலுக்கினால் கேஸ் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்.

ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு, நிலத்தை விட்டவள் மரத்தை மட்டும் எப்படி வைத்துக்கொள்ள நினைத்தாள் என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் நிலம் வேறு, மரம் வேறு. ஒருவர் கொல்லையில் இன்னொருவருக்கு மரம் இருக்கும். கொல்லையை விற்றவர் மரத்தை விற்காமல் வைத்திருப்பார். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது மண் ஒருவருக்கும் மரம் மற்றவருக்கும் போவது சாதாரணம். வைத்தவன் வம்சத்துக்கு மரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இது எனக்குத் தெரியாத வழக்கமும் அல்ல. எங்கள் வீட்டுக்கே அடுத்தவர் கொல்லையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. சர்க்கார் காகிதத்துக்கு மட்டும் இந்த வழக்கம் தெரியாது. மண்ணை விட்டால் மண்மேல் நிற்கிறதெல்லாம் போயிற்று.

“அந்தக் காயிதத்த இன்னொருக்கா படிங்க” என்றார்.

நகல் என்னிடம் இருந்தது. எடுத்து, முதல் எழுத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். ரெலிக்ட் வந்த இடத்தில் விதவை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். கிணறு, மரம், சகல பாத்தியம் என்ற இடம் வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மரம்னு அன்னிக்குப் படிக்கலயேங்க.”

“இல்லம்மா. படிக்கல.”

வேறு யாராவது இருந்திருந்தால் சபித்திருப்பார்கள், மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். அவர் பட்டையை எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, இப்போது என்ன செய்வது என்று கேட்டார். செய்ய வழி இருந்தது. மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்ததாக நிரூபித்தால், மரம் மட்டுமாவது திரும்பக் கிடைக்கும்படி தாசில்தார் உத்தரவு போட இடம் உண்டு. நிரூபிக்க ஒரே சாட்சிதான், நான். முழுவதும் வாசித்துக் காட்டவில்லை என்று நான் வாயைத் திறந்து சொன்னால் போதும்.

புதிய மனுவைத் தமிழில் எழுதினேன். காசு வாங்கவில்லை. தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன், மரங்களை விட எனக்கு எண்ணமே இல்லை என்று மட்டும் அதில் இருந்தது. நான் வாசிக்கவில்லை என்பதை எழுத்தில் வைக்கவில்லை. விசாரணையில் நானே வாயால் சொல்லிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொன்னபோது நான் அதை நம்பவும் செய்தேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நமக்கு நாலு குழந்தைகள் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மாசி முதல் வாரம் தாசில்தார் இண்டூரில் முகாம். கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் புகை தின்றுகொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, சாவடியில் விசாரணை ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாள் மகள்களை அழைத்து வரவில்லை. தனியாகத் தூண் ஓரம் நின்றிருந்தார். எங்கள் முறை வந்தது. தாசில்தார் கோபக்காரர் இல்லை. பழைய ராஜினாமாவையும் புது மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார். ரெலிக்ட் என்ற இடத்தில் அவர் விரல் ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு பார்வைக்காக ஆடியில் நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நினைத்தபோது கூசிப்போனேன்.

கையெழுத்து உம்முடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழுவதும் வாசித்துக் காட்டினீரா என்று கேட்டார்.

இல்லை என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. தொண்டைவரைக்கும் வந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். பக்கத்தில் மணியக்காரர், கணக்குப் பிள்ளை, கச்சேரி டபேதார், எனக்குத் தெரிந்த பத்து முகங்கள். தாசில்தார் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, இவர் படித்துக் காட்டினாரா என்று கேட்டார்.

“படிச்சாருங்க” என்றார் அவர்.

“முழுசுமா?”

“முழுசும் படிச்சாருங்க. மரம்னும் சொன்னாருங்க. நாந்தான் நெனப்புல வெக்கலீங்க.”

தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று என்னால் மறைக்க முடியாது, மேலும் கீழுமாகத்தான். மனு தள்ளுபடி என்று அவர் எழுத, டபேதார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஏலம் நடந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் எடுத்தார். ஓடு தட்டவும் கொட்டை எடுக்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்ததால், அந்த அம்மாளும் மகள்களும் கூலிக்குப் போய் அதே புளியைத் தட்டினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கடுத்த வருடங்களிலும் அப்படியேதான் நடந்ததாம். நான் விசாரிக்கப் போகவில்லை, சொன்னவர்கள் சொல்லக் கேட்டதுதான். அவர் மறுபடி என் கொட்டகைக்கு வரவே இல்லை.

ஆனால் விசாரணை நடந்த அன்று சாவடிக்கு வெளியே அவரிடம் போனேன். ஏம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் குடியானவப் பெண்களிடம் நாங்கள் நீ என்றுதான் பேசுவோம். என்னை அவர் ங்க போட்டுத்தான் பேசினார், கடைசிவரை.

தை மாதம் வந்தபோதே கச்சேரி வாசலில் என் பக்கத்து மேசைக்காரர் அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். வாசிக்கவில்லை என்று தெரிந்தால் எனக்கு அனுமதி போய்விடும், அப்புறம் நான் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று.

“உள்ள நீங்க நின்ன நெலயப் பாத்தனுங்க” என்றார். “நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு. நான் படிக்கலன்னு சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தரு பொய்யின்னு ஆவும். எம்பேச்ச யாரு எடுப்பாங்க? மரந்தான் போச்சு, பொய்க்காரிங்கற பேரு வேற எனக்கு எதுக்குங்க?”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று ஒரு நிமிஷம் நினைத்து மனம் இளகியிருந்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தாசில்தார் கிளம்ப இன்னும் கால் மணி நேரமாவது இருந்தது. சாவடிக்குள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் அப்போதுதான் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்தான். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் எழுதியதை அவரே அடிக்கலாம். மாடுகளில் ஒன்று சண்டித்தனம் செய்தது. நுகத்துக்குள் கழுத்தைக் கொடுக்க மறுத்து இரண்டு மூன்று தடவை விலகிப் போனது. அதைப் பிடிக்க வண்டிக்காரன் என்னைக் கூப்பிட்டான். நான் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன். வண்டி பூட்டியாயிற்று, தாசில்தார் ஏறினார், நான் கும்பிட்டேன்.